எழுந்துட்டீங்களா?

ஜனவரி 12

அன்புள்ள தூங்குமூஞ்சித் தம்பிக்கு,

அலாரம் அக்கா எழுதுவது. நான் நலம். முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் இருவரும் நலமா?

போன மாதக் கடைசியில் போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. "நானும் அவளும் புரிஞ்சுக்கிட்டோம்க்கா" என்றாயே, அதைத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். அதனால்தான் "சந்தோஷம்டா, இனிமே இப்படியே இருங்க" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய். வெட்கமாக்கும்!

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போடு. காலையெல்லாம் சங்கத்துப் போனைப் பிடித்துப் பிடித்து, வீட்டுக்கு வந்தால் போனைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது. கடிதமென்றால் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

சங்கம் அதே மருந்துக் கடை மாடியில்தான். தனியாக இருக்கிற வயதானவர்களைத் தினமும் காலையில் கூப்பிடுகிறேன். "எழுந்துட்டீங்களா?" என்பேன். "எழுந்துட்டேன்" என்பார்கள். "சந்தோஷம்" என்று சொல்லி அடுத்த ஆளுக்குப் போவேன். எல்லார் வீட்டுச் சாவியும் சுவரில் ஒரு பலகையில் தொங்குகிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் ஓர் ஆள் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் போனில் "கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். அது நான் வைத்த சட்டம். தரையில் கிடக்கிறவருக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் தைரியமாகக் காத்திருப்பார்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. சங்கத்துக்கு நன்கொடை தருகிறவர்கள், நிர்வாகக் குழுவில் இருக்கிற எல்லாரும் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இடர் மேலாண்மையும் நல்ல நிர்வாகமுமாம். சங்கத்தை ஆரம்பித்தவளே நான், எனக்கே பாடமா? பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன்.

உங்களை வந்து பார்க்க ஆசைதான். நான் வந்துவிட்டால் இவர்களைக் காலையில் யார் கூப்பிடுவது? அவளை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முட்டியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தில் அந்த முதல் விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போனை வைத்த அன்று உன்மேல் எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கடிதத்தைப் படித்ததும் போய்விட்டது. ஏன் என்று கேட்காதே. அது அப்படியே இருக்கட்டும்.

நீ வகுப்புக்குப் போ. லிஃப்ட் மெக்கானிக் என்கிற பேரில் நான் இவ்வளவு காலம் குப்பை கொட்டியிருக்கிறேன், எங்களையும்தான் வருஷா வருஷம் பெஞ்சில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறார்கள். தூங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் போவேன். எப்படியும் ஒரு விஷயமாவது சுருக்கென்று தைக்கும். லிஃப்டை ஒரு கயிறே தாங்கிவிடும் என்பது உனக்குத் தெரியுமா? இருந்தாலும் நாலைந்து கயிறு போடாமல் நாங்கள் ஓடவிடுவதில்லை. உள்ளே ஆள் நிற்கிறார்களே!

வேலை முடிந்து வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அன்றைக்குப் போனில் நான் பேசியது உனக்குச் சரியாகக் கேட்டதா, லைனில் ஏதாவது கோளாறா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? "நான் நலம்" என்று உன்னைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாயே, அவள் என்ன வாடகைக்கா இருக்கிறாள்? அடுத்த கடிதத்தில் அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்.

லைனெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், சிரிப்பாய். பாடம் எடுக்கிறவள் சின்னப் பெண். சொந்தபந்தத்துக்குச் சங்கத்து வேலையைக் கொடுப்பதைப் பற்றி அன்று பாடம். அப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டுமாம். எங்கள் தலைவர், பல் டாக்டர், ரொம்ப அக்கறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே அவர் மச்சான் கடையில் வாங்கியதுதான். நான் அந்த நாற்காலியையே உற்றுப் பார்த்தேன். மனுஷன் நெளிந்தார் பார், எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டம் நிலைக்கவில்லை. அடுத்ததாக அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க வராத அன்னைக்கு யார் கூப்பிடுவாங்கம்மா?" என்றாள். "நான் வராத நாளே கிடையாது" என்றேன், பெருமையாக. உன் அத்தான் காலமான மறுநாளே போய் உட்கார்ந்தவள் நான். அவள் பலகையில் போய், சங்கத்துக்கு இருக்கிற பெரிய ஆபத்து என்று எழுதி, அதற்குக் கீழே நான் சொன்னதை அப்படியே எழுதினாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உன் கயிற்றுக் கதையை எடுத்துவிட்டேன், பேச்சை மாற்றலாம் என்று. அவள் கைதட்டி, "அதேதாம்மா, இங்க எல்லாரும் ஒரே கயித்துலதான் தொங்குறாங்க" என்று அதையும் என் தலையிலேயே கட்டிவிட்டாள். எல்லாம் உன்னால்.

அவளுக்கு என்ன தெரியும்? காலையில் பேசி முடித்தால் எனக்கு அன்றைக்குப் பேச்சு முடிந்தது. அப்புறம் டிவிதான். அதற்கும் மேல் வீட்டுக்காரி படி இறங்கி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள், திமிர் பிடித்தவள்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தால் உன் கேள்விகளுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்.

வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் போய்விடுகிறேன், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? கடையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவதால் பாத்திரம் கழுவுகிற வேலையும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கத்தாதே. நீ காது டாக்டரிடம் போனாயா?

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

என் காதுக்கு என்னடா? குண்டூசி விழுந்தாலும் கேட்கும். மேல் வீட்டுக்காரி உன்னிடமும் வந்து கோள் மூட்டினாளா? எத்தனையோ மைலுக்கு அப்பால் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறவன் என் காதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் வாயைக் கிளறாதே. காலையில் அந்தப் போன் முன்னால் உட்காரும்போதுதான் நான் ஒரு மனுஷியாக இருக்கிறேன். அதைப் பிடுங்கிவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

கட்டின பெண்டாட்டியை வைத்துக்கொண்டு கடையில் சாப்பிடுகிறாயாம். அவள் ஊருக்கு ஏதாவது போயிருக்கிறாளா?

அக்கா


மே 5

தம்பிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட இன்றைக்குக் கை ஓடவில்லை. போன கடிதத்தில் உன்னைத் திட்டினேன், அதை மறந்துவிடு. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

எங்கள் பட்டியலில் ஒரு தையல்காரர் இருக்கிறார். மனைவி இல்லை, மகன் தனிக்குடித்தனம், தொழிலையும் விட்டாயிற்று. நல்ல மனிதர். போன வாரம் ஒரு நாள் காலையில் வழக்கம்போல அவரைக் கூப்பிட்டேன். "எழுந்துட்டீங்களா?" என்றேன். பதில் வந்தது. "சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் வாசல் வரை வழிந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்திருக்கிறார். தையல்காரர் இடுப்பு எலும்பு முறிந்து தரையில் கிடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. வாயருகே காதை வைத்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன்.

"நீங்க கூப்பிட்டப்பவே தரையிலதாம்மா கெடந்தேன். வயரைப் புடிச்சு இழுத்துத்தான் போனை எடுத்தேன். விழுந்துட்டேன்னு சொன்னேன். நீங்க சந்தோஷம்னு சொல்லி வச்சிட்டீங்க."

விழுந்துட்டேன், எழுந்துட்டேன். தினமும் ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு, அவர் வாயைத் திறந்ததுமே என் மனசு அதையே சொல்லிக்கொண்டுவிட்டது. காதில் விழுந்தது வெறும் வால் மட்டும்தான். அதைத் தம்பி, உன்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ரொம்ப நாளாகவே வால் மட்டும்தான் விழுகிறது.

"மன்னிச்சிடுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லலைம்மா. போன் கைநழுவிப் போச்சுன்னு சொல்லிட்டேன். உங்கள எடுத்துட்டாங்கன்னா, அப்புறம் காலைல என் பேச்சைக் கேக்க யாரு இருக்கா?" என்றார்.

என் பேச்சைக் கேட்க என்கிறார், தம்பி! என்னிடம் போய்!

ஆக, யாருக்கும் தெரியாது. நானாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் போனை வாங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் விழுந்து கிடப்பார், நான் அவருக்கும் சந்தோஷம் சொல்வேன். இப்போதைக்கு, கை வலி என்று பொய் சொல்லிக் கீழே மருந்துக் கடைப் பையனைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். என்ன செய்ய, சொல்.

அக்கா


மே 21

தம்பிக்கு,

நலம் என்று எழுதுவது பழக்கம், அதனால் எழுதுகிறேன். பதில் வரவில்லை. கோபமா?

சனிக்கிழமை வகுப்பில் என் நேரத்தைப் பார், தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது என்று பாடம். முதலில் பாதிக்கப்பட்டவரைப் பார்க்க வேண்டும், அடுத்து குழுவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஆளைத் திட்டிக்கொண்டிருக்காமல் வேலை செய்கிற முறையில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டுமாம். "சமீபத்துல உங்க சங்கத்துல ஏதாவது நடந்துச்சா?" என்று அந்தப் பெண் எங்களைக் கேட்டாள். தலைவர் "எங்க சங்கத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்றார். அவள் என்னையே பார்த்தாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

உன் பெண்டாட்டியிடம் சொல். உன்னால் எழுத முடியாவிட்டால் அவளாவது ஒரு வரி எழுதட்டும். அவள் விவரமானவள்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. உன்னை உண்மையைச் சொல் என்று எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லாமல் இருந்தது. அதனால்தான் இத்தனை நாள்.

அன்று போனில் நான் சொன்னது "புரிஞ்சுக்கிட்டோம்" இல்லை, அக்கா. "பிரிஞ்சுட்டோம்." அவள் டிசம்பரிலேயே போய்விட்டாள். சண்டை போட்டுக்கூடப் போகவில்லை. சண்டை போட இனிமேல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன், வேறு யாரிடம் சொல்வேன்? நீ "சந்தோஷம்டா, இனிமே இப்படியே இருங்க" என்றாய்.

உன் கடிதம் வந்த பிறகுதான் உனக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் கடிதத்தில் மட்டும் அவள் இன்னும் இந்த வீட்டில் இருந்தாள். நீ அவளை விசாரித்து எழுதுவதை அவள் உட்காருகிற நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் காது சரியாகிவிட்டால் அவள் போய்விடுவாளே என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

என்ன செய்ய என்று கேட்டாயே. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் அழுத்துவதற்கு ஒரு மணி இருக்கும். மணி அடிக்காத லிஃப்டை நாங்கள் ஓடவிட மாட்டோம். மற்றபடி அது எவ்வளவு நன்றாக ஏறி இறங்கினாலும் பூட்டிவிடுவோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தம்பி


ஜூன் 15

என் அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன்னை மட்டும்தான் கேட்கிறேன். அடப்பாவி, ஐந்து மாசமாக "நீங்கள் இருவரும் நலமா" என்று உன்னைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேனே, ஒரு தரமாவது "நிறுத்து" என்று சொல்லக்கூடாதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே குழுக் கூட்டத்துக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தையல்காரர் சொன்னது, நான் சொன்ன "சந்தோஷம்", காது, கைவலிப் பொய், எல்லாம். அறையில் ஈ பறந்தால் கேட்கும் (மற்றவர்களுக்கு). தலைவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் வெளிய தெரிஞ்சா சங்கத்துப் பேரு என்னாகும்? மனுஷன் உயிரோடதானே இருக்காரு, விடுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அடுத்தவரும் உயிரோட இருப்பாருன்னு நீங்க எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். உரக்கத்தான் கேட்டிருப்பேன் போலிருக்கிறது, கீழே மருந்துக் கடையில் திரும்பிப் பார்த்தார்களாம். கடைசியில், தையல்காரரின் மகனுக்கும் நன்கொடை தருகிறவர்களுக்கும் சங்கமே தகவல் சொல்வது என்று முடிவானது. மகனிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் ரொம்பத் திட்டினான். பாதிதான் கேட்டது. பாக்கியையும் நான் வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள்.

காது டாக்டர் பார்த்தார். போன் வைக்கிற வலது காது ஏறக்குறைய போய்விட்டது. கருவி மாட்டியிருக்கிறார். தட்டில் கரண்டி விழுந்தால் இடி விழுகிறது, மனுஷக் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. போன் வேலைக்கு ஆகாது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் எப்போதும் இரண்டு பேர் கூப்பிட வேண்டும், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார் தெரியுமா? மேல் வீட்டுக்காரி. அந்தத் திமிர் பிடித்தவளேதான். தானாக வந்து, "காலைல சும்மாத்தான் இருக்கேன், நான் வரட்டுமா?" என்றாள். அவளுக்குப் பாம்புக் காது.

கேள்வியையும் மாற்றிவிட்டோம். "எழுந்துட்டீங்களா" இனிமேல் இல்லை. "ஜன்னல் வழியா என்ன தெரியுது?" என்று கேட்கிறார்கள். தினம் ஒரு பதில் வரும், கேட்கிறவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டாக வேண்டும். தையல்காரரை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். "சுவரு தெரியுது, அதுவும் அழுக்குச் சுவரு" என்றாராம்.

முதல் நாள் காலையில் அவர்கள் கூப்பிடுவதை ஓரமாக நின்று பார்த்தேன். நன்றாகத்தான் செய்கிறார்கள். என்னை ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? நேரம் போகவே மாட்டேன் என்கிறது. என் வீட்டுச் சாவியையும் பலகையில் மாட்டிவிட்டேன். அதை மாட்டும்போதுதான் எனக்கும் வயதாகிவிட்டது என்று உறைத்தது.

சரி, என் கதை போதும். இவ்வளவு காலம் ஊரையெல்லாம் விசாரித்தவள் உன்னைச் சரியாக விசாரிக்கவில்லை. பழைய கேள்வியையே கேட்கிறேன். எழுந்துட்டியாடா? மழுப்பாமல் ஒரே சொல்லில் பதில் எழுது. இந்தத் தரம் கண்ணால்தானே படிக்கப்போகிறேன், தப்பாது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

ஜன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்துச் சுவர் தெரிகிறது.

விழுந்துட்டேன்.

தம்பி


ஜூலை 6

தம்பி,

கிளம்பிட்டேன்.

கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ தெரியாது. மணி அடித்தால் உள்ளேயிருந்தே "யாரு"ன்னு கத்திக்கொண்டிருக்காதே, எனக்குக் கேட்காது. எழுந்து வந்து கதவைத் திற.

அக்கா